கவிழ்த்துப் போட்ட கல்

மூன்று வருடமாக அந்தக் கல்லறைத் தோட்டத்தின் வாசலில் வேனை நிறுத்தி, சீட்டைப் பின்னால் சாய்த்துத் தூங்கியிருக்கிறேன். ஒரு தடவைகூட உள்ளே போனதில்லை. அரசுப் பேருந்தில் இருபத்தெட்டு வருடம் இந்த மலையை ஏறி இறங்கி ஓய்வு பெற்றவன் நான். வீட்டில் சும்மா உட்கார்ந்தால் எனக்கும் ஆகாது, வீட்டில் இருப்பவர்களுக்கும் ஆகாது. அதனால் பதினான்கு பேர் உட்காரும் ஒரு டூரிஸ்ட் வேனை ஓட்டுகிறேன். மாதத்தில் ஒரு சனிக்கிழமை 'வரலாற்று நடை' என்று ஒரு கூட்டம் கோயமுத்தூரிலிருந்து வரும். மேட்டுப்பாளையத்தில் அவர்களை ஏற்றிக்கொண்டு வந்து, நாலைந்து பழைய இடங்களைக் காட்டிவிட்டு, கடைசியில் இங்கே கொண்டுவந்து இறக்க வேண்டும். செத்துப்போய் நூறு வருடம் ஆனவர்களைப் பார்க்க விடியற்காலையில் எழுந்து ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு வருகிறார்களே என்று எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு.

உள்ளே போகாததற்கு வேறு காரணமும் உண்டு. கல்லறைத் தோட்டத்துக்குக் கீழே, தேயிலைக் காட்டைத் தாண்டிப் பத்து நிமிடம் நடந்தால் எங்கள் காலனி. சிலோன் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்தவர்களுக்கு அரசாங்கம் கட்டிக்கொடுத்த வீடுகள். எங்கள் வீட்டுக்குப் பின்னால் அம்மா நாற்பது வருடத்துக்கும் மேலாகத் துணி துவைக்கிற கல் இந்தத் தோட்டத்தில் இருந்த ஒரு கல்லறைக் கல்.

நான் பத்தாவது படிக்கும்போது பெரிய மழையில் தோட்டத்தின் கீழ்ச்சுவர் இடிந்து மண் சரிந்தது. சேற்றோடு கற்களும் உடைந்து பாதையில் வந்து குவிந்தன. அதை அகற்றும் கூலி வேலைக்கு அப்பா போனார். ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால், நாலு செங்கல் வரிசைக்கு மேல் ஒரு பலகைக் கல்லைப் படுக்கவைத்துச் சுற்றிலும் சிமெண்ட் பூசிக்கொண்டிருந்தார். எழுத்து இருக்கிற பக்கத்தைக் கீழே கவிழ்த்துவிட்டார். புத்தகத்தில் கால் பட்டால்கூட எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளச் சொல்கிற மனிதர் அவர். "எழுத்து மேல துணிய அடிக்கலாமா? அதான் கவுத்துப் போட்டேன்" என்றார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டதற்கு, "எவனோ வெள்ளக்காரன். எல்லாம் இங்கிலீசு" என்று கையை உதறிவிட்டார். அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பற்றிப் பேசியதில்லை. அப்பா போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது.

போன நவம்பர் நடைக்கு ஒரு பெரியவர் வந்தார். எண்பதை நெருங்குகிறவர், மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கழுத்தில் சிலுவை போட்ட மெல்லிய சங்கிலி, கையில் ஒரு மஞ்சள் துணிப்பை. வழியெல்லாம் வெளியே பார்த்தபடி வந்தவர், எல்லோரும் இறங்கிய பிறகு என் ஜன்னலுக்கு வந்தார்.

"ஏனுங்க தம்பி, கொஞ்சம் கையக் குடுக்கறீங்களா? படியில முட்டி மடங்க மாட்டேங்குதுங்க."

மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? வேனைப் பூட்டிவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன்.

நடையை நடத்துகிற பெண் கோத்தகிரிப் பக்கம் ஒரு படுகர் வீட்டுப் பெண். கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறாள். என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். அவள் இவ்வளவு அழகாகப் பேசுவாள் என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். மேல்தட்டு முழுக்க வெள்ளைக்காரர்கள். பளிங்கில் இறக்கை விரித்த ஒரு தேவதை, தலைக்கு மேல் பாசி பிடித்து நின்றது. பாதியில் முறிந்த ஒரு தூணைப் பார்த்து, எவனோ உடைத்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன். செதுக்கும்போதே முறிந்ததுபோலத்தான் செதுக்குவார்களாம், வாழ்க்கை பாதியில் நின்றுபோனவர்களுக்கு அப்படி ஒரு வழக்கமாம். பத்தொன்பது வயதுச் சிப்பாய். இருபத்து மூன்று வயதுத் தாய், அவளுக்குப் பக்கத்தில் பெயர்கூட வைக்காத குழந்தை. கால் வைக்கிற இடமெல்லாம் சின்ன வயது. என் மகளுக்கே முப்பத்து நாலு ஆகிறது.

வண்டி நீளத்துக்கு ஒரு கல் கிடந்தது. கப்பலில் வந்த பளிங்கு என்றாள் அந்தப் பெண். கப்பலில் வந்தது பெரிதில்லை. ரயில் வராத காலத்தில், அடிவாரத்திலிருந்து அதை மாட்டு வண்டியில் ஏற்றியிருக்கிறார்கள். நல்ல பிரேக்கும் நல்ல ரோடும் இருந்தே அந்த வளைவுகளில் என் கை வியர்த்திருக்கிறது. எத்தனை மாடுகள், எத்தனை ஆட்கள், எத்தனை நாள் என்று யோசித்துக்கொண்டு அந்தக் கல்லின் முன்னால் நின்றுவிட்டேன். பெரியவர்தான் என் கையை அழுத்தி நடக்கவைத்தார்.

பன்னிரண்டு படி இறங்கினால் கீழ்த்தட்டு. அங்கேதான் எனக்கு வியப்பு தாங்கவில்லை. மேலே ஒரே சாதி எழுத்து, இங்கே உலகமே படுத்திருந்தது. ஜெர்மன் பாதிரி ஒருவர், அவர் மொழியிலேயே. கோவாவிலிருந்து வந்து பேண்டு வாசித்தவர், கல்லில் ஒரு பிடில். மலை ரயில் டிரைவர் ஒரு ஆங்கிலோ இந்தியர், அவர் கல்லில் சக்கரம். நானும் ஓட்டுநர்தானே, என்னையறியாமல் கைகூப்பினேன். ஒரு மூலையில் சீனாக்காரர் ஒருவரின் கல். கைதியாகக் கொண்டுவரப்பட்டு, தண்டனை முடிந்து, இங்கேயே காய்கறி போட்டுப் பிழைத்தவராம். மேலிருந்து கீழாக ஓடும் சீன எழுத்து, அதற்கு அடியில் தமிழில் மனைவியின் பெயர். அந்தப் பெயரில் எங்கள் காலனியிலேயே மூன்று பேர் இருக்கிறார்கள். அவளும் அவரும் எந்த மொழியில் சண்டை போட்டிருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தேன்.

அதற்கு அப்பால், சரிவின் ஓரத்தில் ஒரு வரிசை. அங்கே கல்லே இல்லை. புல்லுக்குள் உடைந்த பல் மாதிரி அடிக்கட்டைகள் மட்டும் வரிசையாகத் தெரிந்தன. பெரியவர் என் கையை விட்டுவிட்டு அந்த முதல் அடிக்கட்டையின் பக்கத்தில் போய் நின்றார்.

"ஐயா இந்த வரிசைக்காகத்தான் வந்திருக்காங்க" என்றாள் அந்தப் பெண் கூட்டத்திடம். "இங்க இருக்கிறவங்க எல்லாம் தமிழ்க்காரங்க. ஜனங்களுக்கு வேதம் சொல்லிக்கொடுத்த உபதேசியார், ஆயா, தோட்டத்து ஆஸ்பத்திரி ஆளுங்க. பதிவேட்டுல இருபத்தி ரெண்டு பேர் கிழக்கிலிருந்து மேற்கா வரிசைப்படி இருக்காங்க. ஆனா கிழக்குக் கோடி மண்ணு சரிஞ்சு போயிருச்சு, மேற்குக் கோடியும் ரோடு போட்டப்ப போயிருச்சு. எத்தனை கல்லறை போச்சுன்னு தெரியாது. மிச்சம் இருக்கிற அடிக்கட்டை எல்லாம் ஒரே அகலம். அதனால எங்கிருந்து எண்றதுன்னு தெரியலை."

பெரியவர் தன் கதையைச் சொன்னார். அவருடைய அம்மாவின் அப்பா தோட்டத்து ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். காய்ச்சல் பரவியபோது தொழிலாளர் வீடுகளுக்கு லயம் லயமாகப் போய் மருந்து கொடுத்து, அதே காய்ச்சலில் போனவர். அப்போது இவருடைய அம்மாவுக்கு ஆறு வயது. பாட்டி குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கிவிட்டாள். பேரன் பேத்தி எடுத்த பிறகுதான் அம்மாவால் வர முடிந்தது, அதற்குள் கற்கள் போய்விட்டன. ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் மலையேறி வந்து, எது என்று தெரியாமல் வாசல் கேட்டில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுத் திரும்பியிருக்கிறார். சாகும்போதும் மகனிடம் அதைத்தான் சொன்னாராம்.

"எனக்கு நெஞ்சுல ரெண்டு எடத்துல அடைப்புங்க. இனி மலையேறப்படாதுன்னு டாக்டர் சொல்லிப்போட்டாருங்க. இதுதான் கடைசித் தடவ. இந்த மெழுகுவர்த்திய கேட்டுல வெக்காம எடத்துல வெக்கலாம்னு பாத்தேன்" என்று அந்த மஞ்சள் பையைத் தொட்டுக் காட்டினார்.

"கல்லெல்லாம் எங்கே போச்சு?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

"கீழ சிலோன்ல இருந்து வந்தவங்க காலனி ஒண்ணு இருக்கு. வீட்டுக்குப் படி போட அவங்க எடுத்துட்டுப் போயிட்டாங்கன்னு சொல்றாங்க."

எனக்குக் காது சூடாகிவிட்டது. ஐம்பது வருடம் ஆகிறது வந்து. இந்த ஊரில் எது காணாமல் போனாலும் முதலில் எங்கள் காலனிப் பக்கம்தான் பார்வை திரும்பும். திரும்பிப் போய் வேனில் உட்கார்ந்துவிடலாம் என்றுதான் தோன்றியது. அவள் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் அங்கேயே ஒரு பிடி பிடித்திருப்பேன். பாதி உண்மை என்பதுதான் வாயைக் கட்டியது. சொன்னால் நாளைக்கு வாட்ஸப்பில் எங்கள் வீட்டுப் பின்கட்டு ஊரெல்லாம் சுற்றும், எழுபத்தொன்பது வயதில் அம்மாவுக்குத் திருட்டுப் பட்டம். சொல்லாவிட்டால் பெரியவர் திரும்பவும் கேட்டில் மெழுகுவர்த்தி வைத்துவிட்டு இறங்குவார். அவர் ஒவ்வொரு அடிக்கட்டையாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"நாங்க திருடலைங்க" என்றேன். குரல் நான் நினைத்ததைவிடப் பலமாக வந்தது. "மழையில விழுந்த கல்ல கான்ட்ராக்டர் ஆளுங்க சம்மட்டி வெச்சு ரோட்டுக்கு ஜல்லியா உடைச்சாங்க. எங்கப்பா ஒண்ண மட்டும் எடுத்துட்டு வந்தாரு. எங்க ஊட்டுல இருக்கு. எழுத்து எந்தப் பக்கம்னும் எனக்குத் தெரியும். வாங்க காட்டறேன்."

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அந்தப் பெண்ணுக்கு முகம் சிவந்துவிட்டது. "மன்னிச்சிருங்கண்ணா, விசாரிக்காம சொல்லிட்டேன்" என்றாள். நான் வேன் சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தேன். கோபம் அவ்வளவு சீக்கிரம் இறங்குகிற ஆள் இல்லை நான்.

நாங்கள் போனபோது அம்மா அந்தக் கல்லில்தான் துவைத்துக்கொண்டிருந்தாள். வாஷிங் மெஷின் வாங்கி வைத்து ஆறு வருடம் ஆகிறது. அதில் அழுக்குப் போகாது என்று அவளுக்கு உறுதியான எண்ணம். கல்லின் மேல் சோப்பு நுரையோடு பெட்ஷீட். வேன் நிறைய ஆட்கள் பின்கட்டுக்கு வந்து நின்றதைப் பார்த்தும் அவள் பதறவில்லை. கல்லைப் புரட்ட வேண்டும் என்று விஷயத்தைச் சொன்னேன்.

"சோப்புப் போட்ட துணிய அப்பிடியே வுட முடியுமா? அலசிக்கிட்டுத் தாரேன், நில்லுங்க" என்றாள்.

பன்னிரண்டு பேர் கையைக் கட்டிக்கொண்டு, ஒரு பெட்ஷீட் அலசி முடியும்வரை நின்றோம். பிறகு சிமெண்டைக் கொத்தி, கடப்பாரையை அடியில் கொடுத்து நாலு பேர் நெம்பினோம். கல் பொத்தென்று ஈர மண்ணில் புரண்டது. எழுத்துப் பள்ளமெல்லாம் மண். அம்மா வாளித் தண்ணீரை ஊற்றினாள்.

மேலே தோட்டத்தில் நூறு வருட மழை அடித்து, விரலால் தடவிப் படிக்க வேண்டிய எழுத்துகளைத்தான் காலையிலிருந்து பார்த்திருந்தேன். இது நேற்றுச் செதுக்கி இன்றைக்கு இறக்கியதுபோல இருந்தது. உளி நின்ற இடம், திரும்பிய இடம் எல்லாம் தெரிந்தது. அதைவிட, அது இங்கிலீஷ் இல்லை. தமிழ். தும்பிக்கை வைத்த பழைய காலத்து 'லை' போட்ட தமிழ். அந்தப் பெண் மண்டியிட்டுச் சத்தமாகப் படித்தாள். ஒரு உபதேசியாரின் ஒரே மகன், வயது இரண்டு. கடவுள் கொடுத்தார், கடவுளிடம் போனான் என்று ஒரு வரி.

அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. தமிழ் நன்றாகத் தெரியும். தினமும் டீக்கடையில் பேப்பரை வரி விடாமல் படித்துவிட்டு வருகிறவர். ஒரு குழந்தையின் கல் என்று தெரிந்துதான் சம்மட்டியிலிருந்து அதைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். தெரிந்துதான் கவிழ்த்திருக்கிறார். எங்களிடம் ஏன் பொய் சொன்னார் என்று அந்த நிமிடம் எனக்கு விளங்கவில்லை, கோபம்தான் வந்தது. எனக்கு முன்னால் ஒரு அண்ணன் பிறந்து சிலோனிலேயே இறந்துபோனான் என்பது ஞாபகம் வந்ததும்தான் அம்மாவைப் பார்த்தேன்.

அம்மா நனைந்த கைகளோடு நின்றாள்.

"ஆம்பளப் புள்ளையா?"

"ஆமாங்கம்மா" என்றாள் அந்தப் பெண்.

"இது மேலயா இத்தன வருசம் அடிச்சேன்" என்றாள். முந்தானையால் எழுத்து எழுத்தாகத் துடைத்தாள். உள்ளே போய், பெட்டியில் மடித்து வைத்திருந்த சேலையைக் கட்டிக்கொண்டு வந்து, யாரும் கூப்பிடாமலே வேனில் ஏறி உட்கார்ந்தாள்.

கல்லை வேனில் ஏற்றிக் கொண்டுபோய், வாசலிலிருந்து கயிற்றில் கட்டித் தூக்கினோம். அடிப்பக்கம் கோணலாக உடைந்திருந்தது, ஒரு ஓரம் மேடாக, நடுவில் ஒரு பள்ளம். ஒவ்வொரு அடிக்கட்டையாகப் புல்லைப் பிடுங்கி வைத்துப் பார்த்தோம். முதல் நாலும் சேரவில்லை. ஐந்தாவதில் ஒரு ஓரம் சேர்ந்தது, மறு ஓரம் தூக்கிக்கொண்டது. கூட வந்தவர்களுக்குக் கை விட்டுப்போயிற்று. ஆறாவது அடிக்கட்டையில் இறக்கியதும் கல் தானாக ஒரு விரல்கடை நகர்ந்து உட்கார்ந்தது. விரிசலில் நகம்கூட நுழையவில்லை. மூன்று வருடம் இந்த வாசலில் தூங்கியவன் நான், இப்போது ஈரப் புல்லில் மண்டி போட்டிருந்தேன்.

அந்தப் பெண் பதிவேட்டு நகலை விரித்தாள். "உபதேசியார் மகன் பதினொண்ணாவது. கம்பவுண்டர் பதினாலாவது." மேற்குப் பக்கமாகத் திரும்பி எண்ணினாள். பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு. அங்கே ஒரு காட்டுப் பெரணிச் செடியும் அரை முழ அடிக்கட்டையும் இருந்தன.

பெரியவர் என் கையைப் பிடிக்காமலே அங்கே நடந்தார். முட்டி மடங்காத மனிதர் எப்படிக் கீழே உட்கார்ந்தார் என்று தெரியவில்லை. பையிலிருந்து மெழுகுவர்த்தியை எடுத்து ஏற்றினார். காற்றில் இரண்டு முறை அணைந்தது, மூன்றாவது முறை நான் தொப்பியால் மறைத்துக்கொண்டேன்.

"அப்பிச்சி, அம்மா அனுப்பிச்சாங்க" என்றார்.

கூட்டத்தில் பாதிப் பேர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். எனக்குக் கண்ணீர் வந்ததை மறைக்க நான் முயற்சி செய்யவில்லை. யாருமே போட்டோ எடுக்கவில்லை என்பதை மட்டும் கவனித்தேன்.

அம்மா அந்தக் குழந்தையின் கல்லுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தாள். அந்தப் பெண்ணின் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்து, "எண்ணிப் பாத்தாலே தெரிஞ்சிருமா?" என்று கேட்டாள்.

"ஏதாவது ஒரு அடையாளம் இருந்தாப் போதும்மா. அங்கிருந்து எண்ணிக்கலாம்."

அம்மா என் பக்கம் திரும்பினாள். "எழுதிக்க" என்றாள்.

எதை என்று கேட்டேன்.

"மேட்டு லயத்துக்குப் பின்னால தண்ணி பிடிக்கிற பீலி. தண்ணி வுழுகுற கல்லு பெருசு, அத எவனும் அசைக்க முடியாது. அந்தக் கல்லுல முதுகு வெச்சுக்கிட்டு ஆத்தப் பாத்து நிக்கணும். எடது கைப் பக்கம் சவக்காலை, நம்மாளுங்கள பொதைக்கிற எடம். முதல் வரிசையில ஏழாவது. தேயிலை போட்டிருப்பான். போட்டிருந்தாலும் பரவால்ல, அந்தக் கல்லுல இருந்து காலடிய எண்ணு. பதிமூணு அடி, ஒரு அடி கூட இல்ல கொறைய இல்ல. கப்பலேறுறதுக்கு மொத நாளு எண்ணி வெச்சேன்."

ஐம்பது வருடமாக அதைத் தலைக்குள் வைத்திருந்திருக்கிறாள். எங்களில் ஒருவரிடமும் சொல்லவில்லை. என் சட்டைப்பையில் வண்டியின் டிரிப் ஷீட்தான் இருந்தது, அதன் பின்பக்கத்தில் எழுதினேன்.

"படி" என்றாள்.

படித்தேன். பீலிக் கல், ஆற்றைப் பார்த்து, இடது கை, ஏழாவது, பதின்மூன்று அடி. ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தாள்.

"பேர எழுதலையே" என்றாள்.

எனக்குப் பெயர் தெரியாது என்று சொன்னேன். அறுபத்தொரு வயதில், பெற்ற தாயிடம்.

அம்மா என் அண்ணனின் பெயரைச் சொன்னாள்.